கவலையும் கவர்வழியும்: பேராக் தோட்டங்கள் தரும் படிப்பினை

‘கவலை’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அச்சொல்லுக்குப் பழந்தமிழில் மற்றொரு பொருளும் உண்டென்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். ஒரு வழி இரண்டாகவோ பலவாகவோ கிளைத்துச் செல்லும் இடத்தையும் சங்கச் சான்றோர் கவலை என்றே குறித்தனர். கவர்த்த வழி கவலை எனப்பட்டது. இரு பொருளும் ஒரே வேரின என்று சாதிக்க நான் முற்படவில்லை. எனினும், கவர்வழியில் நிற்கும் வழிப்போக்கனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அவன் எதிரே புலியில்லை, கள்வனும் இல்லை. ஆயினும் அவன் நெஞ்சில் அமைதியில்லை. எவ்வழி ஊருக்குச் செல்லும், எவ்வழி காட்டில் கொண்டுபோய் விடும் என்பது அவனுக்குத் தெரியாது. கேட்டறியத் துணையில்லை. பொழுதோ சாய்கிறது. மனக்கவலையின் இயல்பை இதனினும் நன்கு விளக்கும் காட்சி அரிது.

அச்சம் வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். நான்கும் இன்னதென்று சுட்டத்தக்கவை. வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதே வேறுபாட்டைத் தொட்டுக் காட்டினார். அச்சத்திற்கு ஒரு பொருள் உண்டு. கவலையோ பொருள் தெளிவில்லாத எதிர்பார்ப்பு என்பது அவர் கருத்தின் சாரம். பாம்பைக் கண்டவன் விலகி ஓடுகிறான். ஓடியபின் அச்சம் தணிகிறது. நாளை என்ன வருமோ என்று ஏங்குபவன் எங்கே ஓடுவான்?

கவலைக்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வருவது இன்னதென்று அறியாமை ஒன்று. வருவதற்கு எதிராகத் தன்னால் செய்யக்கூடியது ஏதுமில்லை என்னும் கையறுநிலை இரண்டு. அந்நிலையில் தனித்து நிற்றல் மூன்று. இம்மூன்றும் எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு ஓரளவேனும் தளர்ந்தன என்பதற்கு நம் பேராக் மாநிலத் தோட்டங்களின் வரலாறே சான்றாகிறது.

கவலை வளர்ந்த வரலாறு

ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து, மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்களுக்குத் தங்கள் வேலையில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் சீவவேண்டும் என்பதை உளி பிடித்த கையே அறியும். ஆனால் அவர்கள் வாழ்வை முடிவு செய்தவை அந்த நிரைக்கு வெளியே இருந்தன. பாலின் விலை கடல் கடந்த சந்தையில் முடிவாயிற்று. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளைகளின் பள்ளியும் போகும்.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. 1930 முதல் 1932 வரை பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அடுத்த தலைமுறை 1942இல் ஜப்பானியர் ஆட்சியைக் கண்டது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத்து ஆடவர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது; போனவர்களில் பெருந்தொகையினர் மீளவில்லை. மாண்டார் என்ற செய்தி வந்த வீட்டில் அழுகை ஒருநாள் அடங்கியது. செய்தியே வராத வீட்டிலோ, விளக்கு வைக்கும் பொழுதெல்லாம் கண்கள் வாசலையே பார்த்தன.

அதன்பின் 1948 சூன் 16. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அது 1960 சூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. முள்வேலிக்குள் லயங்கள், ஊரடங்கு, அளந்து கொடுக்கப்பட்ட அரிசி, வெட்டுக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை என்று அன்றாட வாழ்வே சோதனையாயிற்று. காட்டில் இருப்பவனுக்கு உதவினால் இவர்கள் பிடிப்பார்கள்; உதவாவிட்டால் அவன் விடமாட்டான். உண்மையிலேயே கவர்வழி அது.

தோட்டத் துண்டாடல்

துப்பாக்கிச் சத்தம் குறைந்து வந்த காலத்தில் சத்தமில்லாத வேறொரு துன்பம் வந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டபோது ரப்பர் விலை உயர்ந்தது. தோட்டங்களை நல்ல விலைக்கு விற்க வாய்ப்பு ஏற்பட்டது. அவசரகாலமும், நெருங்கி வந்த நாட்டு விடுதலையும் ஐரோப்பிய உரிமையாளர் பலருக்கு எதிர்காலத்தைப் பற்றிய ஐயத்தை உண்டாக்கின. அவர்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் பெரிய தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்றனர். பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை விரிவாக ஆராய்ந்து 1962இல் அறிக்கை வெளியிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். உடையவர்களின் கவலை காசாக மாறிக் கப்பலேறிவிட்டது. அதன் சுமை உழைத்தவர்களின் தலையில் இறங்கிற்று. துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய ஆள்தொகைக்கு வேலையில்லை. மருந்தகம், குழந்தைக் காப்பகம், பள்ளி ஆகியவற்றைப் புதிய சிறு உரிமையாளரிடம் எதிர்பார்க்க இயலவில்லை. நம் தோட்டம் விற்றாகிவிட்டதா, யார் வாங்கியது, எப்போது வெளியேறச் சொல்வார்கள் என்பதை எந்தக் கிராணியும் விளக்கிச் சொல்லவில்லை. வதந்தி ஒன்றே செய்தித்தாளாக இருந்தது.

பத்து வெள்ளியின் ஆற்றல்

கொலையின் பெயரால் 1948இல் உலகச் செய்தியில் இடம்பெற்ற அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவர். சுங்கை சிப்புட்டில் 1954இல் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழுவதற்குக் காரணமாக இருந்தவரும் அவரே.

அவசரகாலம் முடிந்த அதே 1960ஆம் ஆண்டில், அமைச்சராக இருந்த சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திட்டம் எளிது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கைப் பெறுவர். திரளும் பணத்தைக் கொண்டு, விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்கும். தோட்டம் துண்டாகாது, ஆட்கள் வெளியேறவேண்டியதில்லை. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தமிழிலேயே பேசி இதனை விளக்கினார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. அவர் 1979இல் மறைவதற்குள் சங்கம் பல தோட்டங்களுக்கு உரிமையாகி, பல்லாயிரம் உறுப்பினரைப் பெற்றிருந்தது. அது இன்றும் இயங்கி வருகிறது.

நாட்கூலியாகச் சில வெள்ளியே கண்டவனுக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. ஆயினும் தோட்டத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம். அப்படியிருக்க, அது எவ்வாறு மனத்தைத் தேற்றிற்று? முன்னர்க் கூறிய மூன்று காரணங்களையும் நினைவு கூர்வோம். தோட்டம் ஏன் விற்கப்படுகிறது என்பது அவர்களின் மொழியில் விளக்கப்பட்டது; அறியாமை குறைந்தது. ஒவ்வொருவரும் செய்யக்கூடிய ஒரு செயல் கையில் கொடுக்கப்பட்டது, கையறுநிலை தளர்ந்தது. அதே செயலைப் பக்கத்து நிரைக்காரனும் அடுத்த தோட்டத்துக்காரனும் செய்தனர், தனிமை நீங்கிற்று. ‘கவலைப்படாதீர்கள்’ என்னும் வாய்ச்சொல்லால் மட்டும் இம்மூன்றும் நிகழ்ந்திருக்க முடியாது.

இதனை மிகைப்படுத்தலாகாது. சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை. துண்டாடல் தொடர்ந்தது. பிற்காலத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்து, எத்தனையோ லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. வழி ஒன்று உண்டு என்பதைக் காட்டியதே அம்முயற்சியின் பெருமை.

மறுபக்கம்

இம்மூன்றும் கிட்டாதபோது நேர்ந்ததற்கும் சான்றுண்டு. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டியதாயிற்று. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர் பலர் திகைத்தனர். இந்நாட்டிலேயே பிறந்தவர்களும் அவர்களில் இருந்தனர். பிறப்புப் பத்திரம் எடுத்திருக்கவில்லை, அல்லது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. படிவத்தை நிரப்பித்தர ஆளில்லாமல், எங்கே போய்க் கேட்பதென்று தெரியாமல், பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். ஒரு தாளின் குறை ஒரு குடும்பத்தையே இரண்டாகப் பிரித்தது. எழுத்தறிந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர் உரிய காலத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததால் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு.

அறிவியல் கூறுவது

1967ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர்களான மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களை வைத்து ஆய்வுகள் நடத்தினர். தப்ப முடியாத மின்னதிர்ச்சியைப் பட்ட நாய்களுள் பல, பின்னர்த் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாமல் கிடந்தன. அவை கையறுநிலையைக் கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கினர். ஏறத்தாழ ஐம்பதாண்டுக்குப் பின், 2016இல், அவ்விருவருமே தம் விளக்கத்தை மாற்றிக்கொண்டனர். நீண்ட துன்பத்தில் சோர்ந்து கிடப்பது உயிரின் இயல்பான எதிர்வினை. தன்னால் ஏதோ ஒன்றை மாற்றமுடியும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர். ஆசிரியர்களாகிய நமக்கு இது மிகவும் இன்றியமையாத செய்தி. கற்றுக்கொள்ளப்படுவதாயின், அது கற்பிக்கவும் தக்கதன்றோ?

ஆயினும் எல்லாக் கவலையும் அறிவுரையால் தீர்வதில்லை. உறக்கம், உணவு, படிப்பு எல்லாம் கெட்டு, வாரக்கணக்கில் நெஞ்சு படபடத்தால் அது மருத்துவம் வேண்டும் நோய். ஈப்போவுக்கு அருகில் 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் கேலிச் சொல்லாக்கிவிட்டோம். அந்தக் கேலிக்கு அஞ்சி எத்தனை பேர் நோயை மறைத்தனரோ! அம்மருத்துவமனை இப்போது ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்னும் பெயர் தாங்கியுள்ளது. பெயர் மாறியது போதாது. நம் நாவும் மாறவேண்டும்.

பள்ளியில் ஒரு நாள்

நான் தலைமையாசிரியராக இருக்கும் தோட்டப் பள்ளியிலும் மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைந்தே வருகிறது. ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, நம்ம பள்ளிக்கூடத்த மூடிடுவாங்களா?” என்று கேட்டாள். “அதெல்லாம் உனக்கு எதற்கம்மா? படி” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஏனெனில் அதே கேள்வி என் உறக்கத்தையும் கெடுத்திருந்தது.

மறுநாள் கரும்பலகையில் உள்ளபடியே எழுதினேன்: இவ்வாண்டு எத்தனை பேர், சென்ற ஆண்டு எத்தனை பேர், அடுத்த ஆண்டு சேரவேண்டியவர் எத்தனை பேர். பின்னர், அருகிலுள்ள தாமான்களில் பள்ளி வயதை நெருங்கும் குழந்தைகள் உள்ள வீடுகளைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பட்டியலிட்டனர். சனிக்கிழமை மாலைகளில் பெற்றோரும் ஆசிரியரும் அவ்வீடுகளுக்குச் சென்றோம். மறு ஆண்டு இரண்டு குழந்தைகள் கூடுதலாக வந்தனர். பள்ளி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நான் கூறமாட்டேன். அம்மாணவி மட்டும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. “இன்னும் எத்தனை வீடு பாக்கி ஐயா?” என்றே கேட்டாள்.

கவர்வழியில் நிற்கும் பிள்ளையிடம் வழியே இல்லையென்பதும் தவறு. எவ்வழியும் நல்வழி என்பதும் தவறு. இவ்விடம் இன்னதென்று சொல்லி, முதல் அடியைக் காட்டி, கூடவே நடப்பதே ஆசிரியர் கடன். நம் முன்னோர் பத்து வெள்ளியைக் கொண்டு தொடங்கினர். நமக்கு ஒரு கரும்பலகையும் ஒரு சனிக்கிழமை மாலையும் இருக்கின்றன.