இரு வீடுகளுக்குரிய குழந்தை

பெற்றோரால் பேண இயலாத குழந்தையை, பிறந்த குடும்பத்தோடு அதற்குள்ள சட்ட உறவை அறுக்காமல், வேறொரு குடும்பம் குறித்த காலத்திற்கு ஏற்று வளர்ப்பது வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும்; தத்தெடுப்பில் அவ்வுறவு முடிந்துபோகிறது, இதில் நீடிக்கிறது. நல்ல உணவும் அன்பும் கிடைத்துவிட்டால் புதிய வீடு பழைய வீட்டின் இடத்தை நிரப்பிவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தவறான நம்பிக்கை. பழைய வீட்டுக்கு இடங்கொடுக்கும் அளவுக்கே புதிய வீடு குழந்தைக்கு வீடாகிறது.

1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் இணையர், தாய் மருத்துவமனையில் இருந்த நாட்களில் நான்கு சிறு குழந்தைகளைத் தம் இல்லத்தில் பேணி, அவர்களின் நடத்தையைப் படம்பிடித்தனர். குழந்தைகள் முன்கூட்டியே அவ்வீட்டிற்கு அழைத்துவரப்பட்டுப் பழக்கப்படுத்தப்பட்டனர். அவர்களுடைய போர்வையும் பொம்மையும் உடன் வந்தன. தாயின் ஒளிப்படம் கண்ணில் படும்படி இருந்தது. உண்ணவும் உறங்கவும் தாய் பழக்கியிருந்த முறையே பின்பற்றப்பட்டது. குழந்தைகள் வருந்தவே செய்தனர், ஆனால் உடைந்துபோகவில்லை. அவர்களுள் ஜேன் பதினேழு மாதக் குழந்தை. அதே வயதுடைய ஜான் என்னும் குழந்தையோ, பணியாளர் மாறிக்கொண்டேயிருந்த காப்பகமொன்றில் ஒன்பது நாட்கள் இருந்து, அழைத்துப்போக வந்த தாயையே ஏற்க மறுத்து விலகினான். ஜானுக்குத் தாயின் நினைவைத் தாங்கிக்கொள்ள நிலையான ஒருவர் வாய்க்கவில்லை என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை எனலாம்.

அக்குழந்தைகளுக்குத் திரும்பிச் செல்ல நலமான வீடு காத்திருந்தது. கொடுமையிலிருந்தோ புறக்கணிப்பிலிருந்தோ மீட்கப்பட்ட குழந்தையின் நிலை வேறு என்ற மறுப்பு வலுவானது. எனினும், குழந்தையின் பற்று பெற்றோரின் தகுதிக்கு வழங்கப்படும் சான்றிதழ் அன்று. தன்னை அடித்த கையையே அது இரவில் தேடுவதும் உண்டு. அத்தேடலை நன்றிகேடாகக் கருதும் வளர்ப்புக் குடும்பம், குழந்தையைத் தன் மனத்தை மறைத்துக்கொண்டு வாழும் விருந்தாளியாக்கிவிடுகிறது. 1967இல் இங்கிலாந்தில் பிறந்த எத்தியோப்பிய வழிக் கவிஞர் லெம் சிசே, வேறு பெயரிடப்பட்டு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்து, பன்னிரண்டாம் வயதில் அங்கிருந்தும் அனுப்பப்பட்டு, குழந்தைகள் காப்பகங்களில் வளரிளம் பருவத்தைக் கழித்த பின்னரே தம் இயற்பெயரையும், தாய் தம்மைத் திரும்பக் கேட்டிருந்ததையும் அறிந்தார். பழையது மறைக்கப்பட்டதால் புதியது உறுதிப்படவில்லை. அவர் இரண்டையும் இழந்தார்.

இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம், 2015, இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. அதன் 44ஆம் பிரிவு, உடன்பிறந்தோரை இயன்றவரை ஒரே குடும்பத்தில் வைக்கச் சொல்கிறது. பெற்றோர் தகுதியற்றோராகவோ இயலாதோராகவோ கண்டறியப்பட்டதால் குழந்தை பிரிக்கப்பட்டிருப்பினும், அதன் நலனுக்கு ஊறு நேருமென்று குழந்தைகள் நலக் குழு காரணத்தைப் பதிவு செய்தாலன்றி, அப்பெற்றோர் சீரான இடைவெளியில் வந்து காணலாம் என்கிறது. இங்குக் காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு சந்திப்பைத் தடுப்போர்மீதே சுமத்தப்பட்டிருப்பது மிகச் சரியானது. நடைமுறையில் அச்சந்திப்பு வளர்ப்புப் பெற்றோரின் வாசல்வரை வந்து நின்றுவிடாமல், குழந்தை தன் தாயைப் பற்றி அவ்வீட்டின் சாப்பாட்டு வேளையிலும் அச்சமின்றிப் பேசுமளவுக்கு நீளுமாறு, வளர்ப்போருக்கான பயிற்சி அமைய வேண்டும்.