மின்னட்டையின் மறுபக்கம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு மின்னட்டை புதிதன்று. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். சென்ற பள்ளி விடுமுறையில், மருத்துவம் பயிலும் என் முன்னாள் மாணவி வந்திருந்தாள். "ஆயிரக்கணக்கில் அட்டை எழுதினேன் ஐயா, உடலியங்கியலில் தோற்றுவிட்டேன்" என்றாள். அப்பழக்கத்தை ஊட்டியவன் நான். ஆதலால் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து நூல் வெளியிட்டார். அவர் மனனம் செய்தவை பொருளற்ற அசைகள். பொருள் இருந்தால் நினைவு எளிதாகிவிடும் என்பதாலேயே அவ்வாறு தேர்ந்தார்! 1970-களில் செபாஸ்டியன் லைட்னர், தவறிய அட்டையை முதல் அறைக்கே திருப்பும் பெட்டிமுறையைப் பரப்பினார். 1987-இல் போலந்து மாணவர் பியோத்தர் வோஸ்னியாக் மீள்பார்வை இடைவெளியைக் கணினியே கணிக்கும் மென்பொருளை உருவாக்கினார். 2006-இல் 'அங்கி' வந்தது. மருத்துவ மாணவர் பலர் நாடுவது இதனையே.

அதே வோஸ்னியாக் 1999-இல் இருபது விதிகளை எழுதினார். முதல் விதி: புரியாததைக் கற்க முற்படாதே. கருவி செய்தவரே இட்ட தடை இது. கருவி எம்மிடம் வந்தது, விதி வரவில்லை.

அவளுடைய அட்டையொன்றில் 'ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி' என்றிருந்தது. பின்புறம் பாடநூல் வரையறை. அதனைக் கிழித்துவிட்டு, "இதயத்தில் நிறையும் இரத்தம் மிகுந்தால் சுருக்கம் ஏன் வலுக்கிறது?" என்று எழுதச் சொன்னேன். நெடுநேரம் யோசித்தாள். பிறகு, தசையிழை நீளும்போது அது வலுவாகச் சுருங்குவதைத் தன் சொற்களிலேயே விளக்கினாள். பத்து அட்டைகளுக்கு ஒரு பிற்பகல் முழுதும் சென்றது.

அடுத்த மாதம் அவளுக்கு மறுதேர்வு. என் அலமாரியிலிருந்த மரபுத்தொடர் அட்டைகளையும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். பின்புறத்தில் வெறும் பொருள்தான் இருக்கிறது.