டக்கரின் கோபோல்டுகள்

1987 நவம்பரில் வந்த ‘டிராகன்’ பத்திரிகையின் 127-ஆவது இதழில், தலையங்கம் கோபோல்டுகளைப் பற்றியது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற சாகச விளையாட்டுக்காரர்களின் பத்திரிகை அது. நிறைய லெவல் ஏறிப் பலசாலிகளாகிவிட்ட பாத்திரங்களுக்குச் சாகசங்களை எப்படி அமைப்பது என்று வாசகர்கள் அவ்வப்போது கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் ரோஜர் மூர் இன்னும் பெரிய பூதம் எதையும் சிபாரிசு செய்யவில்லை. விதிப் புத்தகத்திலேயே மிக நோஞ்சானான பிராணிகளில் ஒன்றைக் காட்டி, இதைப் பயன்படுத்துங்கள் என்றார்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றிச் சிலர் உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. டிஎம் ஒரு பாதாளச் சுரங்கத்தை வாயாலேயே கட்டியெழுப்புவார். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருளும்.

இதில் கோபோல்டு என்பது மூன்றடி உயரக் குட்டிச் சாத்தான். 1977-இல் கேரி கைகாக்ஸ் எழுதிய ‘மான்ஸ்டர் மேனுவல்’ அதற்குக் கொடுத்த ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, ஒன்றிலிருந்து நான்கு. நீண்ட வாளின் ஒரு வெட்டே எட்டுப் புள்ளி வரை பறிக்கும். போதாததற்கு, இவ்வளவு அற்பமான எதிரிகளோடு மோதும் வாள்வீரன் தன் லெவல் எத்தனையோ அத்தனை தடவை ஒரே சுற்றில் வெட்டலாம் என்று அடுத்த வருடம் வந்த ஆட்டக்காரர் கையேடு சலுகை கொடுத்தது. பத்தாவது லெவல்காரன் என்றால் பத்து வெட்டு. கோபோல்டைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. விதிப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது எதிரியே அல்ல, களை.

இந்தக் கணக்கு ஆட்டக்காரருக்குத் தெரிந்திருப்பதுதான் சிக்கல். அவருடைய பாத்திரம் அந்த இருட்டுக்குள் முதன்முறையாக நுழைகிறது. எதிரே சுவரோரம் ஏதோ கீச்சிடுகிறது. பாத்திரத்துக்கு முதுகு சில்லிட வேண்டும். ஆனால் மேசையில் இருப்பவரோ, ‘கோபோல்டுதானே, நாலு புள்ளி’ என்று டீயை உறிஞ்சுகிறார். பாத்திரத்துக்குத் தெரிய நியாயமில்லாத ஒன்றை, தனக்குத் தெரியும் என்பதற்காகப் பாத்திரத்தின் தலையில் ஏற்றி ஆடுவதை மெட்டாகேமிங் என்கிறார்கள்.

இதன் விதை ஹிட் பாயின்ட்டிலேயே இருக்கிறது. மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் 1970-களின் தொடக்கத்தில் தன் நண்பர்களோடு ‘பிளாக்மூர்’ என்ற ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். தாங்கள் ஒரே அடியில் அரக்கனைக் கொல்வதில் நண்பர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அரக்கன் ஒரே அடியில் தங்களைக் கொல்வதுதான் பிடிக்கவில்லை. எனவே உயிருக்குப் புள்ளிக் கணக்கு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களை வைத்துத் தான் எழுதிய கடற்போர் விதிகளிலிருந்து அதை எடுத்துக்கொண்டதாக ஆர்னசன் பிற்பாடு பேட்டியில் சொன்னார். மூழ்குவதற்கு முன் ஒரு போர்க்கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்ற கணக்கு, மனித உடம்புக்கு வந்துவிட்டது. திடீர்ச் சாவின் பயம் போனது. அந்தப் பயத்தோடு இன்னும் என்னென்ன போகும் என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆட்டத்தின் இன்னொரு முன்னோரில் இந்த மெட்டாகேமிங் பிரச்சினையே இல்லை. 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் உருவாக்கிய போர் விளையாட்டில், ஒரு தளபதியின் கண்ணுக்கு எட்டுவது எதுவோ அதை மட்டுமே நடுவர் அவருக்குச் சொல்வார். அந்த நடுவர் மரபு அமெரிக்க ராணுவ அதிகாரி டாட்டனின் 1880-ஆம் வருடப் புத்தகத்தில் தொடர்ந்தது. அதைப் படித்துவிட்டு டேவிட் வெஸ்லி 1969-இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆடியவர்தான் ஆர்னசன். ஆக, நடுவர் மூடிவைப்பதும் மற்றவர்கள் துழாவிக் கண்டுபிடிப்பதும் இந்த விளையாட்டின் ரத்தத்தில் உண்டு.

மூடிவைத்ததை விலைபோட்டு விற்றால்? 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவாவிலிருந்து முதல் ஆயிரம் பெட்டிகள் போனபோது, ஆடுகிறவர்கள் குறைவு, விதிகளை வைத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு. மூன்று வருடத்தில் ‘மான்ஸ்டர் மேனுவல்’ கெட்டி அட்டையோடு கடைக்கு வந்தது. பிராணிகளின் உயிர், கவசம், பலவீனம் எல்லாம் படத்தோடு அச்சாகியிருந்தன. நீங்கள் டிஎம்மா என்று கேட்டு எந்தக் கடைக்காரரும் விற்கவில்லை. 1979-இல் வந்த டிஎம் கையேட்டில், இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கு கௌரவமான சாவுகூடத் தகாது என்கிற தொனியில் கைகாக்ஸ் கடிந்துகொண்டார். பதிப்பாளரே தன் சரக்கை வாங்காதே என்று மிரட்டுவது ரசிக்கத்தக்க காட்சிதான். பலன் இருந்திருக்க வாய்ப்பில்லை. இந்த வாரம் ஆடுபவர் அடுத்த வாரம் டிஎம் ஆகிறார். படித்ததை எங்கே கொண்டு போய் மறப்பது?

அதே கையேட்டில் கைகாக்ஸ் இன்னொரு சமாதானமும் சொல்லியிருந்தார். ஹிட் பாயின்ட் என்பது வெறும் சதையும் ரத்தமும் அல்ல. அனுபவம், அதிர்ஷ்டம், தெய்வத் துணை எல்லாம் சேர்ந்தது, கடைசிப் புள்ளிகள் போகும்போதுதான் உண்மையான காயம் என்று. நியாயமான விளக்கம். ஆனால் காவலாளி ஒருவன் மூன்றடி தூரத்தில் குறுக்கு வில்லை நெஞ்சுக்கு நேரே பிடித்து ‘நில்’ என்கிறான் என்று வையுங்கள். கனமான குறுக்கு வில்லின் அம்பு அதிகபட்சம் ஐந்து புள்ளி எடுக்கும். என் பாத்திரத்துக்கு எழுபது இருக்கிறது. நான் ஏன் நிற்க வேண்டும்? தத்துவம் என்னவாக இருந்தாலும் மேசையில் நடப்பது கழித்தல் கணக்கு.

இந்த இடத்தில்தான் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவ முகாம் கதைக்குள் வருகிறது. மூர் ராணுவத்தில் இருந்தபோது அங்கே ஒரு ஆட்டக் குழுவில் சேர்ந்தார். டக்கர் என்ற டிஎம்மின் சுரங்கம் மிக ஆபத்தானது. கழுதைகளைத் தீப்பிடித்த பேய்களாக மாற்றும் தாழ்வாரங்கள், அமிலத் தொட்டியில் தள்ளிவிடும் பொறிகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் குழுவினர் நடுங்கியது முதல் தளத்தின் கோபோல்டுகளுக்குத்தான். புத்தகத்தில் உள்ள அதே கோபோல்டு, அதே நாலு புள்ளி. பாத்திரங்களோ ஆறிலிருந்து பன்னிரண்டாவது லெவல் வரை. முதல் தளத்தை ஓட்டமாகக் கடந்து, லிஃப்டைப் பிடித்துப் பத்தாவது தளத்துக்குப் போய்விடுவது என்பது திட்டம். அங்கே நெருப்புப் பேய்கள்தானே இருக்கின்றன, சமாளித்துக்கொள்ளலாம்!

அறுபதடி போவதற்குள் பின்னாலிருந்த கதவு சாத்தப்பட்டுத் தாழிடப்பட்டது. தாழ்வாரத்துக்கு நெருப்பு வைக்கப்பட்டது, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே. பக்கவாட்டு வழியில் ஓடினால் சுவரிலும் கூரையிலும் இருந்த ஓட்டைகள் வழியே அம்பு. சில கோபோல்டுகள் நீண்ட உலோகக் கழிகளால் எரியும் குப்பைக் குவியலைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. அதன் மறைவிலிருந்து, உலோகக் கவசம் போட்ட மற்றவை எண்ணெய் பாட்டில்களைக் கொளுத்தி வீசுகின்றன. சாமான்களையும் கழுதைகளையும் விட்டுவிட்டு லிஃப்டை நோக்கி ஓடினால், எறிந்துவிட்டு மூலையில் மறைந்துகொள்ளும் கோபோல்டுகள் வழி மறிக்கின்றன. அப்போதுதான் தெரிகிறது, முதல் தளம் முழுவதையும் அவை குட்டிச் சுரங்கங்களால் துளைத்து வைத்திருக்கின்றன என்று. கூலியாட்கள் எல்லோரும் செத்தார்கள். உதவியாளர்களில் பெரும்பாலோரும் போனார்கள்.

குழுவில் பன்னிரண்டாவது லெவல் மந்திரவாதி ஒருவர் இருந்தார். தீக்கோளம் விடு என்று எல்லோரும் கத்த, இந்த ஒடுக்கமான வழியிலா, நம்மையே எரிக்கச் சொல்கிறாயா என்று அவர் திருப்பிக் கத்தினார். இது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. அன்றைய விதிப்படி தீக்கோளம் சுமார் 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும். திறந்தவெளியில் அழகான உருண்டை. பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள தாழ்வாரத்தில் அதே நெருப்பு 330 அடி நீளத்துக்குப் பாய்ந்து வரும், விட்டவரையும் சேர்த்து. குழுவின் மிகப் பெரிய ஆயுதத்தை கோபோல்டுகள் இடத்தின் அளவைக் கொண்டே செல்லாக்காசாக்கிவிட்டன.

கடைசியில் ஒரு முட்டுச்சந்து, கீழே இருட்டில் இறங்கும் காற்றுக் குழாய். கயிறு கட்டி அதில் இறங்கினார்கள். கீழே என்ன இருந்தாலும் கோபோல்டைவிட மேல் என்பது அவர்கள் முடிவு. பத்தாவது தளத்தில் நெருப்புப் பேய்களோடு சண்டை போட்டு, பாதிப் பேரைப் பலி கொடுத்து, ஒன்றைக் கொன்றும் விட்டார்கள். எல்லோருக்கும் உற்சாகம், தலைவரைத் தவிர. வந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

சிரிப்பாக எழுதப்பட்ட இந்தத் தலையங்கம் விதிகளைப் பற்றிய கூர்மையான விமரிசனம் என்று நான் நினைக்கிறேன். டக்கர் ஒரு எண்ணையும் மாற்றவில்லை. ‘இது விசேஷ கோபோல்டு, இதற்கு நாற்பது புள்ளி’ என்று சொல்லியிருந்தால் அது மலிவான தந்திரம். அடுத்த வாரம் ஆட்டக்காரர்கள் நாற்பது என்று மனதில் குறித்துக்கொண்டிருப்பார்கள். புத்தகத்தை ஒளித்து வைக்கவோ, மெட்டாகேமிங் செய்யாதே என்று சண்டை போடவோ தேவையும் ஏற்படவில்லை. அந்த அறிவு அங்கே உதவவில்லை, அவ்வளவுதான். ஒரு சுற்றுக்குப் பத்து வெட்டு என்ற சலுகை, வெட்டக் கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருந்தால்தானே? கவசம் வாளைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. எரியும் எண்ணெய்க்கு அதை வீசியவனின் லெவல் ஒரு பொருட்டே அல்ல. குழுவில் ஏற்கெனவே அந்தத் தளத்துக்குப் போய் வந்தவர்கள் தயங்கினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் பயந்தது பாத்திரம் உள்ளே பட்டறிந்ததை வைத்து.

படைவீரர்கள் குடியிருக்கும் ஒரு முகாமில், வியட்நாம் போர் முடிந்து சில வருடங்களிலேயே, பலவான்களைச் சுரங்கத்துக்குள்ளிருந்து திணறடிக்கும் பலவீனர்களின் ஆட்டம் பிறந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மூர் எழுதவில்லை. இது என் ஊகம். ஆனால் விலக்கவும் மனம் வரவில்லை. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளின் அசல் கோபோல்டும் இப்படித்தான். சாக்சனிச் சுரங்கத் தொழிலாளர்கள், வெள்ளித் தாதுபோலத் தோன்றி உலையில் ஆர்சனிக் நச்சுப்புகை கக்கிய கல்லை அதன் விஷமம் என்றே நம்பினார்கள். 

தலையங்கத்துக்குப் பிறகு ‘டக்கரின் கோபோல்டுகள்’ என்பது ஆட்டக்காரர்களிடையே பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. 1993-இல் வந்த ‘டிராகன் மவுன்டன்’ சாகசப் பெட்டி, பத்தாவது லெவலிலோ அதற்கு மேலோ இருப்பவர்களை மலைக்குள் அனுப்பி கோபோல்டுகளிடம் சிக்கவைத்தது.

பெயர் பரவினால் போலிகளும் பரவும். மெட்டாகேமிங் ஆட்டக்காரரின் நோய் மட்டும் அல்ல. டிஎம்முக்கு அது இன்னும் எளிதாகத் தொற்றும். மந்திரவாதி இன்று காலை எந்த மந்திரங்களை உருப்போட்டார், பூசாரியிடம் எத்தனை மருந்துக் குப்பி மீதி என்பதெல்லாம் டிஎம்முக்குத் தெரியும். அதைத் தன் கோபோல்டின் காதில் ஓதிவிட்டால், எந்தக் குழுவையும் அரை மணியில் முடித்துவிடலாம். கோபோல்டுகள் தீராத எண்ணெயோடு, வரப்போகும் வழியை முன்கூட்டியே அறிந்து, ஒரு தடவைகூடப் பதறாமல் சண்டை போடுகின்றன என்றால், அங்கே ஆடுவது கோபோல்டு அல்ல, டிஎம். நல்ல டிஎம்மிடம் பதில் இருக்கும்: அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, இந்தச் செய்தியை யார் பார்த்துச் சொன்னார்கள், காவல் எப்போது மாறும். ஆட்டக்காரர் துருவிக் கண்டுபிடித்து, கிடங்குக்கு முதலில் தீவைக்க வழி இருக்க வேண்டும். மூரின் குழுவினர் அந்தப் பிராணிகளை ஒருவகையில் மதிக்கவே செய்தார்கள் என்பது தலையங்கத்தில் தெரிகிறது. வஞ்சிக்கப்பட்டவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, டக்கர் சாமர்த்தியத்தால் செய்ததில் ஒரு பங்கை விதியாகவே எழுதிவிட்டது. லெவல் ஏறினாலும் கவச எண் வானத்துக்கு ஏறாதபடி வடிவமைத்தார்கள். முழு இரும்புக் கவசம் என்றால் 18, அவ்வளவுதான். கோபோல்டு தாக்கும்போது 20 பக்கப் பகடையில் விழுவதோடு 4 கூட்டிக்கொள்ளும்; கூட்டுத்தொகை கவச எண்ணை எட்டினால் அடி விழும். தனியாக வந்தால் அடி விழ 35 சதவீத வாய்ப்பு. ஆனால் அதன் கூட்டாளி ஒன்று உங்கள் பக்கத்தில் ஐந்தடிக்குள் நின்றால், இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு 58 சதவீதத்தை ஒட்டிப் போகிறது. மந்திரப் பொருள் எதுவும் கையில் இல்லாவிட்டால், நீங்கள் முதல் லெவலா பதினைந்தாவது லெவலா என்பது இந்தக் கணக்கில் சேராது. வெயிலில் அதற்குக் கண் கூசித் தாக்குதல் தடுமாறும் என்றொரு விதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. விவரம் தெரிந்த டிஎம் அதைச் சுரங்கத்தைவிட்டு வெளியே கூட்டிவர மாட்டார்.