கடித்தால் ஒட்டிக்கொள்ளும் புற்றுநோய்

புற்றுநோய் தொற்றுமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம். மனிதர்களைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரியே. நோயாளியுடன் ஒரே தட்டில் சாப்பிடவும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், சில விலங்குகளிடம் இந்நோய் ஒட்டிக்கொள்கிறது.

1876ஆம் ஆண்டிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. ரஷ்ய கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியிலிருந்து எடுத்த துண்டை மற்றொரு நாயின் உடலில் வைத்தார். கட்டி அங்கும் வளர்ந்தது. இனச்சேர்க்கையின்போது பரவும் இந்தக் கட்டி, பல ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்த ஒரே ஒரு நாயிடம் தோன்றியது. அந்த நாய் இறந்துவிட்டது. அதன் புற்று அணுக்கள் இன்னும் சாகவில்லை.

அடுத்த அதிர்ச்சி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் காத்திருந்தது. அங்கு வாழும் ‘டெவில்’ என்ற விலங்கின் முகத்தில் பெரிய கட்டிகள் இருப்பது 1996ல் படம்பிடிக்கப்பட்டது. இரைக்காகவும் இணைக்காகவும் ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்வது இவற்றின் இயல்பு. கட்டி வந்தவை பெரும்பாலும் சில மாதங்களில் மடிந்தன. 2008ல் அழியும் அபாயத்திலுள்ள இனமாக டெவில் அறிவிக்கப்பட்டது.

கிருமியா காரணம்? இல்லை என்று 2006ல் காட்டினர் ஆன்-மரீ பியர்ஸ், கேட் ஸ்விஃப்ட் இருவரும். டெவிலுக்கு 14 குரோமோசோம்கள். கட்டிகளிலோ 13, அதுவும் எல்லாக் கட்டிகளிலும் ஒரே சிதைவு. ஒரு விலங்கின் குரோமோசோமில் பிறவியிலேயே இருந்த மாற்றம் அதன் கட்டியில் இல்லை. அப்படியானால் அந்தக் கட்டி வேற்றுடலிலிருந்து வந்தது!

வேற்று அணுவை உடல் ஏன் விரட்டவில்லை? தீவில் அடைபட்ட இனம், எல்லாம் நெருங்கிய உறவு, அதனால் அடையாளம் தெரியவில்லை என்று முதலில் கருதினர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால், ஒரு டெவிலின் தோலை மற்றொன்றில் ஒட்டியபோது உடல் அதை நிராகரித்தது. ஆக, அந்நியரை அடையாளம் காணும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. 2013ல் வெளியான ஆய்வுதான் சூட்சுமத்தைச் சொன்னது. வெள்ளை அணுக்கள் பார்த்துச் சோதிக்கும் ‘அடையாள அட்டை’ போன்ற புரதங்களைப் புற்று அணு தன் மேற்பரப்பில் காட்டுவதே இல்லை! மரபணு கெடவில்லை, அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளைச் செலுத்தியதும் ஆய்வுக்கூடத்தில் அட்டை மீண்டும் வெளிப்பட்டது.

நாயின் கட்டியும் தொடக்கத்தில் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. பிறகு அட்டை வெளிப்பட, பல நாய்களின் உடல் அதைத் தானே கரைத்துவிடுகிறது.

டெவிலுக்கு அந்த வாய்ப்பு உண்டா? 2014ல் தீவின் தென்கிழக்கில் இரண்டாவது தொற்றுப் புற்றும் தலைகாட்டியது. அதேவேளை, காட்டில் பிடித்த சில டெவில்களின் ரத்தத்தில் முதல் புற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதாக 2016ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவற்றுள் சிலவற்றின் முகக்கட்டி, சிகிச்சை ஏதுமின்றிச் சுருங்கிப்போயிருந்தது.