தூரத்துத் துணையும் அண்டை வீடும்



இரண்டு நாடுகள் வாணிப ஒப்பந்தம் செய்துகொண்டன, தற்காப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டன என்று செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். 'அது பெரிய இடத்து விவகாரம். விடியற்காலையில் மரம் வெட்டப் போகிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. சம்பந்தம் உண்டு. நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய ரப்பர் பாலுக்கும், இந்த நாட்டைக் காக்க வந்த கப்பல்களுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தது. அந்த வரலாற்றை இன்று சற்றுப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் செல்வம் ரப்பரும் ஈயமுமே. அந்தச் செல்வத்தையும் கீழ்த்திசைக் கடல் வழியையும் காப்பதற்காகச் சிங்கப்பூரில் மிகப் பெரிய கடற்படைத் தளம் ஒன்றைப் பிரிட்டன் கட்டி 1938ஆம் ஆண்டில் திறந்தது. அதை யாராலும் அசைக்க முடியாத கோட்டை என்றார்கள். மக்களும் நம்பினார்கள்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். இரண்டே நாளில் பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. காப்பதாகச் சொன்ன பிரிட்டன் அப்பொழுது ஐரோப்பாவில் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் போராடிக் கொண்டிருந்தது.

அதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? ரப்பர் வாங்கிய ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் போகவில்லை. தோட்டங்களில் வேலை நின்றது. வெளியிலிருந்து வந்த அரிசியும் நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதை போட அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள். தற்காப்பு வாக்குறுதி ஒன்று பொய்த்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை நம் குடும்பங்களைப் போல் அறிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

போர் முடிந்தது. பிரிட்டன் வென்ற நாடு. ஆனால் கடனாளி நாடு. உணவும் இயந்திரமும் வாங்க அமெரிக்க டாலர் வேண்டும். அந்த டாலரைத் தேடித் தந்ததில் மலாயாவின் ரப்பருக்கும் ஈயத்துக்கும் முதன்மையான பங்கு உண்டு. 1950ஆம் ஆண்டில் கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை மளமளவென்று ஏறியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டன் இங்கே இத்தனை படைகளை வைத்திருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் மங்கில் சொட்டிய பால்.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பிரிட்டனோடு ஒரு தற்காப்பு உடன்பாடு கையெழுத்தாயிற்று. வெளியார் தாக்கினால் மலாயாவுக்குப் பிரிட்டன் துணை நிற்கும். அதற்காகப் பிரிட்டன் தன் படைகளையும் தளங்களையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். இதுதான் சாரம். 1959ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் இணைந்தன. 'சுதந்திரம் வந்த பிறகும் அந்நியப் படையா?' என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் நமது ஆகாயப் படையே 1958ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது என்பதை நினைத்தால், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் நிலை விளங்கும்.

அந்த உடன்பாடு சோதனைக்கு உள்ளாயிற்று. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானபோது இந்தோனேசியா அதை எதிர்த்தது. வாணிபத்தைத் துண்டித்தது. சுமத்ராவிலிருந்து வந்த ரப்பரையும் பிற பொருள்களையும் நம்பியிருந்த பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்களும் தொழிலாளர்களும் திண்டாடினர். சபா, சரவாக் எல்லைகளில் சண்டை நடந்தது. இம்முறை பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வாக்கைக் காப்பாற்றின. 1966 ஆகஸ்டில் சமாதானம் ஏற்பட்டது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்குச் செலவு அதிகம். 1967 நவம்பரில் பிரிட்டன் தன் பவுன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2.80 டாலருக்குச் சமமாக இருந்த ஒரு பவுன் 2.40 டாலராக இறங்கியது. 1968 ஜனவரியில் பிரதமர் வில்சன், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள படைகள் 1971 இறுதிக்குள் திரும்பிவிடும் என்று அறிவித்தார். சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. அங்கே வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் கலங்கினர். நண்பர் பகைவராகவில்லை. அவர் பை காலியாகிவிட்டது. அவ்வளவுதான்.

பிறகு என்ன செய்தார்கள்? 1971 ஏப்ரலில் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் அமைச்சர்கள் லண்டனில் கூடினர். நவம்பர் 1ஆம் நாள் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐந்து நாடுகளும் உடனே 'கலந்தாலோசிக்கும்'. 1957இல் 'துணை நிற்போம்' என்றார்கள்; 1971இல் 'கூடிப் பேசுவோம்' என்றார்கள். முதல் வேலை நம்முடையது, உதவி பிறகு என்பதே இதன் பொருள். இந்த ஏற்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. கூட்டு வான் தற்காப்புக்காகப் பட்டர்வொர்த்தில் தலைமையகம் அமைந்தது. ஐந்து நாட்டுப் படைகளும் சேர்ந்து பயிற்சி செய்கின்றன.

இதற்கிடையில், நேயர்களே, அண்டை வீட்டுக் கதவும் திறந்தது. 1967 ஆகஸ்டு 8ஆம் நாள் பாங்காக்கில் ஆசியான் அமைப்பு தோன்றியது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்தன. மலேசியாவுக்காகத் துன் அப்துல் ரசாக் கையொப்பமிட்டார். சிங்கப்பூருக்காகக் கையொப்பமிட்ட ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து நமது சிரம்பானில் வளர்ந்த தமிழர். ஓராண்டுக்கு முன்வரை நம்மோடு சண்டையிட்ட நாடும் அந்த மேசையில் இருந்தது என்பதே இதன் சிறப்பு. அந்நியத் தளங்கள் யாவும் தற்காலிகமானவையே என்றும் அந்தப் பிரகடனம் சொல்லியது.

ஆசியான் ஒரு படைக் கூட்டணி அன்று. பேச்சும் வாணிபமுமே அதன் வழி. 1992ஆம் ஆண்டில் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் சுங்க வரியைக் குறைக்க ஒப்புக்கொண்டன. ஐந்தாக இருந்த நாடுகள் 2025இல் பதினொன்றாயின.

ரப்பரிலும் இதே பாடந்தான். ரப்பர் விலையோடு தோட்டக் கூலியும் ஏறி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. விலையோ தூரத்துச் சந்தையில் முடிவாயிற்று. 1970ஆம் ஆண்டில் ரப்பர் விளைவிக்கும் நாடுகள் தமக்கென ஒரு சங்கம் கண்டன. 1979இல் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சர்வதேச உடன்பாடு ஒன்று செய்தன. விலை விழும்போது ரப்பரை வாங்கி இருப்பு வைப்பது, ஏறும்போது விற்பது என்பது அதன் முறை. அதுவும் நிலைக்கவில்லை, 1999இல் முடிவுற்றது. எந்த ஒப்பந்தமும் அதைச் செய்தவர்களின் நலனும் சக்தியும் இருக்கும் வரையில்தான் நிற்கும்.

தன் கையே தனக்கு உதவி என்பது நம் பழமொழி. ஆகவே நாட்டின் சொந்த பலம் முதலில் வேண்டும். அடுத்து அண்டை வீட்டாரின் நல்லுறவு. அதன்பின் தூரத்து நண்பரின் துணை. மூன்றும் வேண்டும். ஆனால் வரிசை மாறக்கூடாது. 1942இல் நாம் வைத்திருந்தது மூன்றாவது மட்டுமே.

நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த ஒப்பந்தங்களுக்குப் பொருளாதார பலம் தந்தவர்களுள் பால் வாளி சுமந்த நம் முன்னோரும் அடங்குவர். இதையும் அவர்கள் அறிந்து வளரட்டும்.