தளத்துக்குக் கீழே நிற்பவன்

பெரியகுளத்தில், வராக நதியின் தென்கரையில், ஒரு வீட்டுக்குப் புதிதாகத் தளம் போட்டிருந்தார்கள். அடியில் சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்து நின்றன. "மேஸ்திரி, இதையெல்லாம் எப்போது பிரிப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் கரண்டிக் காம்பால் தளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அவசரப்படக் கூடாதுங்கய்யா. உள்ளே இறுகணுமில்லே? பிரிக்கிறப்போ கீழே நிக்கிறது நம்ம பையனுகதானே!" என்றார்.

கட்டடத் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பலர், அந்தக் கீழே நிற்பவனை மறந்துவிட்டே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துச் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். கம்பம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடும் பெரியாறு அணை, 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. புலியும் யானையும் திரிந்த காட்டில், சுண்ணாம்பையும் சுர்க்கியையும் குழைத்து அதை எழுப்பினார்கள். ஆற்றைத் திருப்பப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டு போயிற்று. அப்படியும் மனம் தளராத பென்னிகுயிக் துரையின் பிறந்த நாளான ஜனவரி 15-ஆம் தேதி, இன்றும் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். நன்றி மறவாத ஜனங்கள்!

ஆனால் அணைக்குச் சற்று வடக்கே ஒரு மயானம் இருக்கிறது. வேலை நடந்த காலத்தில் நோயால் மாண்டவர்கள் என்று கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 483 பேர். மலைக் காய்ச்சலே அவர்களுக்குப் பெரிய சத்துருவாக இருந்தது. ஆற்றில் ஏறும் வெள்ளத்தை அளந்த எஞ்சினீயர்களுக்கு, கூலியாளின் உடம்பில் காய்ச்சல் எந்த வழியாக ஏறுகிறது என்று தெரியவில்லை. மலேரியாவைச் சுமந்து வருவது கொசுதான் என்பதற்கு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் சான்று கண்டது 1897-இல். அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து! ஆகையால் அந்த 483 பேரின் சாவை அறியாமையின் கணக்கில் எழுதிவிடலாம்.

அறிந்த பிறகு நேரும் சாவை யார் கணக்கில் எழுதுவது?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லோ ஐலண்டில், 1978 ஏப்ரல் 27-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். மின்நிலையம் ஒன்றுக்குக் குளிர்விப்புக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் வார்த்த காங்கிரீட்டைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் சாரம் நிற்க வேண்டும். குளிரில் அந்தக் காங்கிரீட் போதிய அளவு இறுகவில்லை. சாரம் பெயர்ந்து, அதன் மேல் நின்ற 51 பேர் விழுந்து மாண்டார்கள்.

காங்கிரீட் வெப்பத்தில் விரைந்து இறுகும், குளிரில் தாமதிக்கும். ஆகவே அதன் உட்சூட்டை மணிக்கு மணி குறித்துவந்தால், எவ்வளவு பலம் ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இந்தக் கணக்கு 1987-இல் அமெரிக்காவில் முறையான தர விதியாகவே வந்துவிட்டது. இப்போதோ, கம்பி கட்டும்போதே தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை உள்ளே கட்டிவிடுகிறார்கள். காங்கிரீட்டுக்குள் புதைந்துகொண்டு, தனக்குத் தெரிந்த சூட்டைக் கம்பியில்லாமலே மேலே உள்ளவரின் கைபேசிக்கு அது சொல்லிக்கொண்டிருக்கிறது. முட்டு சாய்ந்தால் சொல்வதற்கு ஒரு கருவி. சுரங்கத்தில் நச்சுக் காற்று சேர்ந்தால் சொல்வதற்கு இன்னொன்று. மேஸ்திரியின் கரண்டிக் காம்புக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இவ்வளவும் வந்த பிறகுதான், 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள். கட்டுமானத்திலேயே பழுது இருந்தால் எந்தக் கருவியும் அதைத் திருத்தாது, அது வாஸ்தவம். தூண் தாங்காமல் தவிக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல மட்டும் அதனால் முடியும்.

சொன்னால் போதுமா? யாரிடம் சொல்கிறது என்பதல்லவா கேள்வி! "முட்டு சாய்கிறது" என்ற செய்தி முதலாளியின் கைபேசிக்குப் போய், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அங்கேயே தூங்கிவிட்டால், சித்தாள் பெண்ணின் தலைக்கு மேலே தளம் இறங்கிவிடும். அவள் காதில் அபாயச் சங்கு ஒலிக்க வேண்டும். ஒலித்ததும் சட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓட அவளுக்கு உரிமை வேண்டும். ஓடியதற்காக அன்றைய கூலியைப் பிடிக்காத மனமும் எஜமானனுக்கு வேண்டும். முதலாவதைக் கடையில் வாங்கிவிடலாம். மற்ற இரண்டையும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.

தென்கரை மேஸ்திரியிடம் சென்சார் இல்லை. இருந்தால் நல்லதுதான், தட்டிப் பார்க்கிற கை தவறலாம். ஆனால், கீழே நிற்பவன் நம் பையன் என்ற நினைப்பு அவரிடம் இருந்தது. அந்த நினைப்பு இருக்கிற இடத்தில்தான் எந்தக் கருவியின் பேச்சும் காதில் ஏறும்.