டூரின் நகரத்துச் சித்தாள் பிள்ளைகள்

இத்தாலி ஒரே ராஜ்யமாகத் திரளாமல் பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த காலத்தில், பீட்மாண்ட் மன்னரின் தலைநகராக விளங்கிய டூரின், மாளிகைகளையும் படைக்கலச் சாலைகளையும் ஓயாது கட்டி எழுப்பிக்கொண்டிருந்த நகரம். 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைக் கடந்துவிட்ட அதன் ஜனத்தொகையில் கணிசமான பகுதி வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களிலும், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பனி விழுந்து உழவு ஓய்ந்ததும் கையில் ஒரு துணிமூட்டையோடு நடந்தே இறங்கி வந்த பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அநேகர். சாரத்தின் மேலே நின்ற கொத்தனாருக்குச் சாந்துச் சட்டியும் கல்லும் ஏற்றிக் கொடுக்கும் சித்தாட்களாக அவர்கள் அமர்ந்தார்கள். இன்னும் சிலர் புகைபோக்கி துடைத்தார்கள். ஒரு வேலையும் கிட்டாதவர்கள் சந்தைச் சதுக்கங்களில் யாரேனும் கூப்பிடுவார்களா என்று காத்திருந்தார்கள்.

முன்னாளில் இத்தகைய பிள்ளை ஒரு தொழிலைக் கற்க விரும்பினால், அந்தத் தொழிலுக்குரிய கைவினைஞர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் கட்டுப்பாடு பிள்ளையையும் கட்டிற்று, எஜமானனையும் ஓரளவு கட்டிற்று. 1844இல் மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ, தொழிலுக்குத் தடையாக இருக்கின்றன என்று அச்சங்களைக் கலைத்தார். தொழில் பெருக அது உதவியிருக்கலாம். ஆனால் பட்டறைக்குள் நுழைந்த அநாதைப் பிள்ளைக்கும் அவனுக்குச் சோறு போட்ட எஜமானனுக்கும் இடையே கேட்பார் ஒருவரும் இல்லாமற் போனதும் அப்போதுதான்.

இந்நகரத்துக்கு 1841இல் புதிதாகக் குருப்பட்டம் பெற்று வந்தவர், நம்மவர்கள் தொன் போஸ்கோ என்று வழங்கும் ஜொவான்னி போஸ்கோ. 1815இல் பெக்கி என்னும் குக்கிராமத்தில் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன்னே தகப்பனாரை இழந்து, பண்ணையாளாக மாடு மேய்த்து, பின்பு சியேரி நகரத்தில் தையற்கடையிலும் காப்பிக்கடையிலும் வேலைசெய்துகொண்டே லத்தீன் படித்தவர் அவர். தம் ஆசானாகிய கஃபாஸோ என்னும் குருவானவரோடு டூரின் சிறைகளைப் பார்க்கப் போன இடத்தில், நல்ல தேகக் கட்டும் கூர்த்த புத்தியும் உள்ள பிள்ளைகள் பேன் அரிக்கப் பட்டினியாகக் கிடந்ததைக் கண்டார். அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று: இனி ஒழுங்காக இருப்போமென்று உறுதி சொல்லி வெளியே போனவர்கள் சில நாட்களிலேயே அதே கதவு வழியாகத் திரும்பி வந்தார்கள். காரணத்தை அவர் கண்டது பிள்ளைகளின் சுபாவத்தில் அல்ல. வெளியே அவர்களை எதிர்பார்த்து நிற்க ஓர் ஆத்துமா இல்லாமையில்.

1841ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, புனித பிரான்சிஸ் அசிசியார் கோயிலில் அவர் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது, குளிருக்கு ஒதுங்கியவன்போல் ஒரு பையன் உள்ளே வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்று அவன் சொன்னதும், கோயிற்பிள்ளை கையிலிருந்த கோலால் அவனை விளாசித் துரத்தினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து வரச்செய்து, பூசை முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து விசாரித்தார். பெயர் பர்த்தலோமேயோ கரேல்லி, ஊர் ஆஸ்தி, வயது பதினாறு, தாய் தகப்பன் இல்லை, எழுத்துத் தெரியாது, புதுநன்மை வாங்கியதில்லை. ஞானோபதேச வகுப்புக்குப் போகலாகாதா என்று கேட்டதற்கு, தன்னிலும் சின்னஞ்சிறுசுகளெல்லாம் டக்கென்று பதில் சொல்லும் இடத்தில் இவ்வளவு வளர்ந்த தான் விழித்துக்கொண்டு உட்கார வெட்கமாயிருக்கிறது என்றான். தனியாகச் சொல்லிக் கொடுத்தால் வருவாயா என்றார், அடிக்கமாட்டீர்களே என்றான். சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து அன்றே பாடம் தொடங்கிற்று.

பக்தர்கள் இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது கோயிற்பிள்ளையின் கோலையும் குருவின் கருணையையுமே பெரிதாகச் சொல்வார்கள். எனக்கோ அந்த வெட்கமே இதில் முக்கியமாகப் படுகிறது. வயதுக்குத் தக்க படிப்பில்லாத பிள்ளை பள்ளிக்கூடத்தை வெறுப்பது சோம்பலால் அன்று, மானத்தால். அந்த மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிற இடத்துக்கு அவன் தானாகவே தன் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு வருவான். கரேல்லி அடுத்த வாரம் அதைத்தான் செய்தான்.

இப்படிப்பட்ட பணியில் போஸ்கோ முதல்வரும் அல்லர். பிரேஷியா நகரத்தில் லொதொவீக்கோ பவோனி 1821இலேயே அநாதைகளுக்குத் தொழில் கற்பிக்கும் ஸ்தாபனம் ஒன்றை நிறுவியிருந்தார். டூரினிலேயே கொக்கி என்னும் குரு 1840இல் வான்கில்யாச் சேரியில் பிள்ளைகளைக் கூட்டத் தொடங்கிவிட்டார். போஸ்கோவுக்கு வாய்த்த தனிச்சிறப்பு, எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கே நில்லாமல் பெருகிய கூட்டம். மயானக் கோயிலுக்குப் போனார்கள். அங்கிருந்த குருவின் வீட்டுக்காரியம் பார்த்த அம்மாள் சண்டைக்கு வந்தாள். மாவு மில்களுக்கு அருகே போனார்கள். மில்காரர்கள் இரைச்சல் தாங்கவில்லை என்று மனுப்போட்டார்கள். புல்வெளி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். மிதிபட்டுப் புல்லின் வேரே செத்துப்போயிற்றென்று உடையவர்கள் காலிசெய்யச் சொன்னார்கள். நகரத்தின் பொது ஒழுங்கைக் கவனித்த மார்க்கிஸ் கவூர், பிற்காலத்தில் இத்தாலியை ஒன்றாக்கிய மந்திரி கவூரின் தகப்பனார், இத்தனை கூலிப் பயல்கள் ஒரு பாதிரியார் பின்னே திரள்வது எதற்கென்று சந்தேகப்பட்டார். கடைசியில் வல்தோக்கோப் பகுதியில் பினார்தி என்பவருடைய கொட்டகை கிடைத்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும் அளவுக்குக் கூரை தாழ்ந்திருந்தபடியால், தரையைத் தோண்டிப் பள்ளமாக்கி, 1846ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அதில் பூசை வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் விளையாட்டும் முடிந்ததும் பிள்ளைகளை மறந்துவிடும் வழக்கம் அவரிடம் இல்லை. வாரநாட்களில் சாரங்களுக்கும் பட்டறைகளுக்கும் தாமே போய், வேலை எப்படி, கூலி வந்ததா, எஜமானர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார். அங்கி உடுத்த குருவானவர் சாந்து தெறிக்கும் இடத்தில் வந்து நிற்பது அந்நகரத்துக்கு விசித்திரமாயிருந்தது. மாலையில் இராப்பள்ளி. பழைய அளவைகள் நீங்கி மெட்ரிக் அளவை 1850இல் அமலுக்கு வரவிருந்தபோது, கொத்து வேலைக்காரப் பிள்ளை இனி மீட்டர் கணக்குத் தெரியாமல் ஏமாறுவான் என்று கண்டு, 1849இல் அதை எளிய நடையில் விளக்கும் சிறு புத்தகம் ஒன்றை அவரே எழுதினார். மறு ஆண்டு பிள்ளைகளுக்குள்ளேயே பரஸ்பர சகாய சங்கம் ஒன்று ஏற்பட்டது: ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு சொல்தோ சந்தா; நோயில் விழுந்த அங்கத்தினனுக்கு நாளொன்றுக்கு ஐம்பது செந்தேசிமோ. தொழிலாளர் சங்கங்கள் அந்நாட்டில் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால், இந்தச் சில்லறைக் காசின் அருமை விளங்கும்.

ஏமாற்றங்களும் இல்லாமலில்லை. வைக்கோற் பரணில் படுக்க இடங்கொடுத்த சில பையன்கள், விடிவதற்குள் கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே 1847ஆம் ஆண்டு மே மாதத்து மழையிரவில், வல்செசியாவிலிருந்து வேலை தேடி வந்து சொட்டச் சொட்ட நனைந்து நின்ற பதினைந்து வயது அநாதையை, போஸ்கோவின் தாயார் மார்கரீத்தா அம்மாள் அடுப்பங்கரைக்கு அழைத்து உலரவைத்து, சூப்பும் ரொட்டியும் கொடுத்து, செங்கல் அடுக்கிப் பலகை போட்டு மகனுடைய மெத்தையையும் விரித்தபிறகு, உழைப்பையும் நேர்மையையும் பற்றி நாலு வார்த்தை சொல்லிச் செபமும் சொல்லவைத்து, சட்டிபானைகள் காணாமற் போகாதிருக்கச் சமையலறைக் கதவையும் காலைவரை பூட்டிவைத்தார்கள். பரிவும் பூட்டும் ஒரே இரவில் ஒரே அறையில் இருந்தன என்பதை மறைக்காமல் எழுதிவைத்தவர் போஸ்கோவே. அந்தப் பிள்ளையிலிருந்துதான் அங்கே விடுதி உண்டாயிற்று.

என்றாலும் இவ்வரலாற்றில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது, 1852ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி முத்திரைத் தாளில் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை. தச்சு எஜமானர் ஜுசெப்பே பெர்த்தொலீனோ, பயிலும் பிள்ளை ஜுசெப்பே ஓதாசோ, பிள்ளையின் தகப்பனார், போஸ்கோ ஆகியோர் அதன் தரப்பினர். எஜமானர் தொழிலை இரண்டாண்டில் ஒளிக்காமல் கற்றுக்கொடுக்க வேண்டும்; தவறினால் வார்த்தையால் திருத்தலாமே தவிர வேறுவிதமாக அல்ல; தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலைகளும் உடம்பு தாங்காத வேலையும் வாங்கலாகாது; ஞாயிறும் திருநாளும் முழுதும் பிள்ளைக்கே உரியவை; ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை; கூலி படிப்படியாக உயர வேண்டும். பிள்ளையும் கீழ்ப்படிந்து சிரத்தையாகக் கற்கக் கையொப்பமிட்டான். கைவினைஞர் சங்கங்கள் கலைந்தபின் வெற்றிடமாகக் கிடந்த அந்த இடத்தில், தர்மப் பிரபுவாக அல்லாமல் ஒரு தரப்பாக நின்று, குருவானவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மறு ஆண்டு முதலே அவர் போக்கு மாறிற்று. வெளிப் பட்டறைகளில் கேட்ட பேச்சும் கண்ட நடத்தையும் பிள்ளைகளைக் கெடுப்பதாக அஞ்சி, 1853இல் செருப்புத் தைப்பதையும் தையலையும், அடுத்த ஆண்டு புத்தகக் கட்டையும், 1856இல் தச்சையும், பின்னர் அச்சுக்கூடத்தையும் மதிலுக்குள்ளேயே கொண்டுவந்தார். 1859இல் அவர் நிறுவிய சலேசியத் துறவற சபை தோன்றிற்று. தண்டனையை நம்பாமல், பிள்ளைகளோடு இடைவிடாது கூடவே இருந்து, குற்றம் நேருமுன் தடுக்கும் முறையை 1877இல் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். உலகம் புகழ்வது இந்த இரண்டாம் காலத்தை. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் மதிலுக்குள் பிள்ளை பத்திரமாயிருந்தானே தவிர, மதிலுக்கு வெளியே இருந்த எஜமானனைக் கேள்வி கேட்கும் அவசியம் குறைந்துபோயிற்று. அவனோடு பேரம் பேசிய முதல் பத்தாண்டுகளே துணிச்சல் மிகுந்தவை என்பது என் அபிப்பிராயம்.

போஸ்கோ 1888இல் மறைந்தார். மயிலாப்பூர் ஆயரின் அழைப்பின்பேரில், 1906இல் ஜியோர்ஜியோ தொமாத்திஸ் என்பவர் தலைமையில் சலேசியர் தஞ்சாவூருக்கு வந்து அநாதைப் பிள்ளைகளின் இல்லம் ஒன்றை ஏற்றார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் தொன் போஸ்கோ என்ற பெயரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் விடுதியையும் தொழிற்பள்ளியையும் அச்சுக்கலைப் பயிற்சியையுமே நினைத்தார்கள். அவருடைய இரண்டாம் காலமே கப்பலேறி நமக்கு வந்தது.